ஒரு வருகைக்கு ஒரு நோய்

மருத்துவர் சிவகாமி தமது அறுபத்துநான்கு வயதுக்குள் எத்தனையோ அறிக்கைகளும் கடிதங்களும் எழுதியிருந்தார். அவற்றுள் அவருக்கே முழு நிறைவளித்தது நான்கு சொற்களால் ஆன ஓர் அறிவித்தல்தான். ஒஸ்லோ நகரின் ரொம்மன் பகுதியில் இருந்த அவருடைய மருத்துவ நிலையத்தின் கதவில், மேலே நோர்வேஜிய மொழியிலும் கீழே தமிழிலுமாக, அது பதினோராண்டுகள் தொங்கியது: ‘ஒரு வருகைக்கு ஒரு நோய்.’

காரணமில்லாமல் அவர் அதை எழுதவில்லை. அரசாங்கத்தின் குடும்ப மருத்துவர் திட்டத்தில் அவருடைய பட்டியலில் ஆயிரத்து இருநூறு பேர். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். தோள்மூட்டில் தொடங்கி, மருமகளின் சமையலைத் தொட்டு, மலச்சிக்கலில் கொண்டுபோய் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருகிற மக்களை அந்தப் பதினைந்துக்குள் அடக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த ஒரே நோயையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். முதலில் எப்போது தொடங்கியது, பின்னர் எங்கே, அதன் பின்னர் எப்படி. வரிசை பிசகினால் கையை உயர்த்தி நிறுத்தி, முதலிலிருந்து சொல்லச் செய்வார். இப்படி மறுபடியும் சொல்வதற்கு ஆகும் நிமிடங்களும் அதே பதினைந்திலிருந்துதான் கழிகின்றன என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கமலாதேவி அந்தப் பட்டியலில் இருந்தவர். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் பத்தொன்பது ஆண்டுகள் மீன் தொழிற்சாலையில் நின்றபடியே மீன் வெட்டிவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக ஒஸ்லோவுக்கு வந்து ரொம்மனில் குடியேறியவர். அவருக்கு வலத் தோள் வலி. சிவகாமி தோளைப் பார்ப்பார், களிம்பு எழுதுவார். எழும்பும்போது கமலாதேவி சொல்வார்:

“டொக்டர், இன்னொண்டும் இருக்கு.”

சிவகாமி கதவைக் காட்டுவார். “அதுக்கு வேறை நாள் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

வேறு நாள் எடுத்துக்கொண்டு வரும்போது தோள் முன்னரிலும் மோசமாக இருக்கும். தோள்தான் முதலில் வந்த நோய். ஆகவே தோளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு முறை வருவதேயில்லை. இப்படிப் பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவை கமலாதேவி ஒன்றும் சொல்லவில்லை. கதவில் இருந்ததை ஒருமுறை வாசித்துவிட்டு, பள்ளிப்பிள்ளை போலத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தலையாட்டல் சிவகாமியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அந்த இரண்டாவது என்ன? தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆயிரத்து நூற்றுத்தொண்ணூற்றொன்பது பேர் முறைப்படி காத்திருக்க, ஒருவரை மட்டும் தாமாக அழைப்பது ஒழுங்காகாது என்பதே மருத்துவரின் முடிவு.

இந்த முள்ளோடு அவர் உலாவிய நாள்களில்தான் ‘சுதந்திர மருத்துவர் ஒன்றியம்’ என்ற அமைப்பின் கையேடு தபாலில் வந்து சேர்ந்தது. தலைப்பு: ‘நேரடி மருத்துவத்தால் மருத்துவர் அடையும் பதினான்கு நன்மைகள்.’ அரசாங்கத் திட்டத்தை விட்டு வெளியேறுங்கள். முந்நூறு உறுப்பினரை மட்டும் சேருங்கள். அவர்கள் மாதந்தோறும் சந்தா கட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் நாற்பத்தைந்து நிமிடம் கொடுங்கள். சிவகாமி அதை இருமுறை படித்தார். ஒன்று முதல் பதினான்குவரை இலக்கமிடலில் ஒரு பிசகும் இல்லை. இப்படி இலக்கமிடத் தெரிந்தவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று அவர் தீர்மானித்தார். அவருடைய நீண்ட வாழ்வில் இதைவிடப் பலவீனமான ஆதாரத்தை வைத்து அவர் எந்த நோயையும் நிர்ணயித்ததில்லை.

அறிமுகக் கருத்தரங்கு நகர மத்தியில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பேசியவர் ஒன்றியத்தின் ஆலோசகர் மார்க். நாற்பது வயது, வெயிலில் பழுத்த முகம், வெள்ளைச் சப்பாத்து.

“நண்பர்களே, ஒரு மருத்துவரின் வாழ்க்கையைக் கெடுப்பது எது?” என்று மார்க் தொடங்கினார்.

“நோயாளிகள்” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“உண்மை. ஆனால் அதை நாங்கள் அச்சில் போடுவதில்லை” என்றார் மார்க்.

நன்மைகள் திரையில் ஒவ்வொன்றாக எழுந்தன. மதிய உணவை உட்கார்ந்து உண்ணலாம். படிவங்களே இல்லை. வருகிறவரின் பெயர் நினைவில் நிற்கும். பதினான்காவது நன்மையாக, வெள்ளிக்கிழமை நண்பகலிலேயே மலைக்குடிலுக்குப் புறப்பட்டுவிடலாம். சிவகாமிக்கு மலைக்குடில் இல்லை. இருந்தாலும் குறிப்பேட்டில் பதினான்கையும் வரிசையாக எழுதிக்கொண்டு, கையை உயர்த்தினார்.

“இவற்றால் நோயாளிக்கு என்ன நன்மை?”

மார்க்கின் முகம் மலர்ந்தது. “மிக மிக முக்கியமான கேள்வி! அதற்கென்றே தனிப் பட்டறை வைத்திருக்கிறோம். மூன்று ஆண்டுகளாக அறிவித்து வருகிறோம். இன்னும் ஒரு மருத்துவரும் பதியவில்லை.”

அந்த இடத்திலேயே எழுந்து வெளியேறியிருக்க வேண்டும். ஆனால் சிவகாமி மனத்தில் நாற்பத்தைந்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பதினைந்து தோளுக்கு. அடுத்த பதினைந்து அந்த இரண்டாவதுக்கு. அதற்குப் பிறகும் பதினைந்து மீதி! அவர் கையொப்பமிட்டார்.

ரொம்மன் பட்டியல் ஓர் இளம் நோர்வேஜிய மருத்துவரிடம் போயிற்று. கொடுத்த பட்டியலைத் திரும்ப வாங்க வழியில்லை. ஒஸ்லோவின் குறொன்லாண்டுப் பகுதியில், மரக்கறியும் கருவாடும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் நேரடி மருத்துவமனை திறக்கப்பட்டது. வரவேற்புக்கு ஆரபி கூடவே வந்தாள். ஒஸ்லோவில் பிறந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, சிவகாமியிடம் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்து, இன்னமும் அவருக்கு அஞ்சாத ஒரே மனிதப்பிறவி அவள். ரொம்மன் கதவிலிருந்த அறிவித்தலைக் கழற்றிக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

“இதை எங்கை கொளுவுறது, அன்ரி?”

“இனி அது தேவையில்லை. உள்ளுக்கை வை.”

“குப்பைக்குள்ளையோ?”

“அலுமாரிக்குள்ளை” என்றார் சிவகாமி சற்று விறைப்பாக.

முதல் வாரமே ஒன்றியத்திலிருந்து படிவம் ஏழு வந்தது. ‘இவ்வாரம் நான் எந்தப் படிவமும் நிரப்பவில்லை’ என்று மருத்துவர் உறுதிமொழி எழுதி, மூன்று பிரதிகள் எடுத்து, ஒவ்வொரு வெள்ளியும் அனுப்ப வேண்டும். சிவகாமி பேனாவைத் திறந்துவிட்டுத் திகைத்தார். இதை நிரப்பினால் இதிலுள்ளது பொய்யாகும். நிரப்பாவிட்டால் விதி மீறல். வேறு யாராக இருந்தாலும் கிறுக்கி அனுப்பியிருப்பார்கள். சிவகாமி ஒன்றியத்துக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினார். ஒன்றியம் ஒன்பது நாள் ஆராய்ந்து, ‘படிவம் ஏழை நிரப்பியது தவிர’ என்ற வாசகம் சேர்த்த படிவம் ஏழு-ஆவை அனுப்பியது. ‘இப்போது படிவம் ஏழு-ஆவையும் நிரப்புகிறேனே?’ என்று சிவகாமி மறுபடி எழுதினார். ஏழு-இ வந்தது. ஏழு-ஊ வரையில் போனபின், ஒன்றியம் அவருடைய கூர்மையைப் பாராட்டி ஒரு படிவம் அனுப்பியது. அதை அவர் நிரப்பினார்.

உறுப்பினர் சேர்ந்த வேகம்தான் எல்லோரையும் மலைக்க வைத்தது. ஆறு வாரத்தில் இருநூற்றுப்பதினெட்டுப் பேர். ரொம்மனிலிருந்தும் அயலிலிருந்தும், பழைய பட்டியலில் இருந்த தமிழர் அனைவரும் வங்கிக்குச் சொல்லி மாதாந்தம் சந்தா தானாகக் கழியும்படி செய்துவிட்டார்கள். கமலாதேவியின் பெயர் நாற்பத்தோராவதாக இருந்தது. சிவகாமி புதுக் கதிரை வாங்கினார். நீர் ஊற்றத் தேவையில்லாத செடியொன்றும் வாங்கினார். சுவர்க் கடிகாரத்தில் நாற்பத்தைந்தாவது நிமிடத்துக்கு நேரே சிவப்புப் பொட்டு வைத்தார். வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒருவரும் வரவில்லை.

“இண்டைக்கும் ஒரு அவ்தாலெயும் இல்லை, அன்ரி” என்பாள் ஆரபி, நாள்முழுதும் வெறுமையாய்க் கிடக்கும் சந்திப்புப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டி. “கீழ்க்கடைக்கு முருங்கைக்காய் வாங்க நாலு மெம்பர்மார் வந்தவை. மேலை அண்ணாந்து பாத்துக் கும்பிட்டுட்டுப் போகினம்.”

இரண்டாம் மாதம் மார்க் பரிசோதனைக்கு வந்தார். மருத்துவர் உட்கார்ந்து உண்கிறாரா, எத்தனை மணிக்கு வீடு போகிறார், புன்னகை பத்துக்கு எத்தனை என்பனவெல்லாம் அவருடைய அட்டவணையில் இருந்தன. புன்னகைக்கு இரண்டு போட்டார். பிறகு, இதுவரை எத்தனை நோயாளிகள் என்று கேட்டார்.

“ஒருவரும் இல்லை.”

“சந்தா?”

“எல்லோரும் கட்டுகிறார்கள்.”

மார்க் எழுதுவதை நிறுத்தினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. “டாக்டர், உங்களுக்குப் புரிகிறதா? எங்கள் ஒன்றியம் பன்னிரண்டு ஆண்டுகளாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. கையேட்டில் இப்படி எழுத எங்களுக்கே துணிவு வரவில்லை.” புன்னகைக்குரிய இரண்டை அழித்து ஒன்பதாக்கிவிட்டுப் போனார்.

சிவகாமி அன்று பிற்பகல், உறுப்பினரை மருத்துவரே அழைத்துப் பேசலாம் என்ற ஆறாவது நன்மையின்படி, ஒருவரை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயோ டொக்டரே! சந்தா போகேல்லையோ?” என்று பதறினார் கமலாதேவி.

“சந்தா வருது. நீங்கள் ஏன் வாறேல்லை?”

“நான் ஏன் வாறன்? ஊர்ச் சங்கத்துக்கும் கட்டுறன், பழைய மாணவர் சங்கத்துக்கும் கட்டுறன், கோயிலுக்கும் கட்டுறன். அங்கையெல்லாம் போறனானே? எங்கடை ஆள் ஒராள் தனிய நிண்டு செய்யிறா, கைகுடுக்க வேணும் எண்டு கட்டுறதுதானே.”

“வருத்தம் வந்தால்?”

“வருத்தத்துக்கு அந்தப் புதுப் பெடியன் இருக்கிறார். அது அரசாங்கம். உங்களை ஏன் கரைச்சல் படுத்துவான்?”

“அந்த இரண்டாவதை அவரிட்டைச் சொன்னீங்களோ?”

தொலைபேசியில் கமலாதேவியின் மூச்சு கேட்டது. மாடிப்படி ஏறியவருடைய மூச்சுப் போலிருந்தது. “அதை அவையின்ரை பாஷையிலை, நொஸ்க்கிலை, சொல்ல எனக்குத் தெரியாது, டொக்டர்.”

“எனக்குச் சொல்லுங்கோ. இப்பவே சொல்லுங்கோ.”

“போனிலையோ? சீச்சீ. பொதுக்கூட்டத்திலை காணுவம்தானே.”

“எந்தப் பொதுக்கூட்டம்?”

அதற்குரிய விடை மறுநாள் காலை படியேறி வந்தது. மருத்துவமனைக்குள் முதன்முறையாக ஒரு மனிதர் நுழைவதைக் கண்ட சிவகாமி, இதயத்துடிப்புக் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். வந்தவர் வரதராசா. ஏழு சங்கங்களுக்குச் செயலாளர். இளைப்பாறியபின் ஓய்வே இல்லாதவர்.

“இருங்கோ, இருங்கோ. எப்ப தொடங்கினது?” என்றார் சிவகாமி ஆவலோடு.

“நாலு மணிக்கு” என்று வரதராசா ஒரு கடதாசியை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை, ரொம்மன் பாடசாலை மண்டபத்தில், நேரடி மருத்துவமனையின் முதலாவது வருடாந்தப் பொதுக்கூட்டம். “ரண்டு மாதமாச் சந்தா எடுக்கிறீங்கள், டொக்டர் அம்மா. இன்னும் ஒரு கூட்டம் இல்லை, நிருவாகம் இல்லை. சனம் கதைக்குது.”

“இது சங்கமில்லை. வைத்தியசாலை.”

“அது நீங்கள் வாயாலை சொல்லுறது. விதி எழுதின யாப்பு என்ன சொல்லுது?”

“யாப்பு இல்லை.”

“பாத்தீங்களே!” என்று வரதராசா வேதனையோடு கண்ணை மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கணத்தில் சிவகாமிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பிறரைப் பிசகின்றி நடக்கச் சொல்லியே முதுமையடைந்த ஒருவர், எழுதப்பட்ட யாப்பில்லாமல் ஒரு நிறுவனத்தை இரண்டு மாதம் நடத்தியிருக்கிறார். அதைவிட, கமலாதேவி அங்கே வருவார். அவர் சம்மதித்தார்.

நாலு மணிக்கென்று அறிவித்த கூட்டம் ஐந்தேகாலுக்கு ஆரம்பமானது. மருத்துவமனையில் ஒருநாளும் காணக்கிடைக்காத கூட்டம். நூற்றைம்பது பேருக்குக் குறையாது. ஆரபியும் வந்திருந்தாள். விளக்கேற்றினார்கள். மறைந்தோருக்கு அகவணக்கம் செலுத்தினார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த மார்க்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றாமலே உரையாற்றினார். வரதராசா மொழிபெயர்த்தார்.

“இவ்வளவு ஆரோக்கியமான மக்களை நான் பார்த்ததேயில்லை” என்றார் மார்க். “மருத்துவமனையின் பெரிய செலவு நோயாளி. பெரிய அலைச்சல் நோயாளி. பெரிய ஆபத்தும் நோயாளி. இந்த மூன்றையும் நீங்கள் உங்கள் அன்பினாலேயே நீக்கியிருக்கிறீர்கள். கட்டுங்கள், வராதீர்கள்: இதுவே வருங்கால மருத்துவம்!”

“எங்களிலை நல்ல விருப்பமாம்” என்று வரதராசா சுருக்கினார். மண்டபம் கைதட்டியது. ‘ஆண்டின் நேரடி மருத்துவர்’ என்று பொறித்த கண்ணாடிக் கேடயம் சிவகாமியின் கையில் வைக்கப்பட்டது. கீழே சிறிய எழுத்தில் ‘நோயாளிகள்: 0’ என்றிருந்தது.

பிறகு யாப்பு வாசிக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவானார்கள். மருத்துவர் என்ற பதவிக்கு யாப்பில் இடம் விடப்படவில்லை என்பது அப்போதுதான் கவனிக்கப்பட்டது. சிவகாமியைப் போசகராக, அதாவது கௌரவக் காப்பாளராக, ஆக்குவதென்று ஒருவர் முன்மொழிந்தார். மற்றொருவர் வழிமொழிய மறந்தார். “வழிமொழியாமல் தீர்மானம் செல்லாது” என்று மேடையிலிருந்து திருத்தியவர் சிவகாமியே. உடனே வழிமொழிந்தார்கள். பிரிவு ஐந்தின்படி போசகர் மேடையில் இருக்கலாம், பேச முடியாது. தம் சொந்த மருத்துவமனையில் தமக்கு வாயில்லாமற்போனது முறைப்படியே நடந்தேறியதை எண்ணி, ஒரு கணம் அவருக்குத் திருப்திகூட உண்டாயிற்று.

இடைவேளைத் தேநீருக்குச் சீனி காணாது என்று கமலாதேவி எழுந்து சொன்னார். குறித்துக்கொண்டார்கள். கடைசியாக ‘வேறு விடயங்கள்’ வந்தது. மூன்றாம் வரிசையில் மறுபடியும் அதே கை உயர்ந்தது.

“தலைவர் அவர்களே, இன்னொண்டும் இருக்கு” என்றார் கமலாதேவி.

சிவகாமியின் கையிலிருந்த கேடயம் நழுவப் பார்த்தது.

“அக்கா, நீங்கள் சீனியைப் பற்றிக் கதைச்சிட்டீங்கள்” என்றார் வரதராசா. “தேத்தண்ணியோடை தின்னுற ரோல்ஸும் ஆறுது. பிரிவு ஒன்பது: ஒரு கூட்டத்துக்கு ஒருவருக்கு ஒரு விடயம்.”

“ஆர் போட்ட சட்டம் இது?” என்று எங்கோ ஒரு குரல் கேட்டது.

“எங்கடை டொக்டர் அம்மாதான்” என்று வரதராசா பெருமையோடு மேடைப்பக்கம் கையை நீட்டினார். “பதினொரு வருசம் கதவிலை தொங்கினது. நல்ல சட்டம் எண்டு அப்பிடியே எடுத்து யாப்பிலை போட்டிட்டம்.”

கமலாதேவி பழைய பள்ளிப்பிள்ளைபோலத் தலையை ஆட்டிக்கொண்டு உட்காரப் போனார்.

“ஒழுங்குப் பிரச்சினை!” என்று சிவகாமி எழுந்தார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. “அவ சொல்லட்டும்.”

“போசகர் கதைக்கேலாது, டொக்டர் அம்மா. பிரிவு ஐந்து.”

“அப்ப நான் போசகர் பதவியை விடுறன்.”

“ராஜினாமா எழுத்திலை தரவேணும்.”

சிவகாமி கைப்பையைத் திறந்தார். உள்ளே வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த படிவம் ஏழு-ஊ மூன்று பிரதிகளும் இருந்தன. ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘விலகுகிறேன்’ என்று எழுதினார். திகதியும் போடவில்லை, கையொப்பமும் இடவில்லை. கேடயத்தைக் கதிரையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, மூன்றாம் வரிசைக்குப் போய், ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டுக் கமலாதேவிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“எப்ப தொ…” என்று தொடங்கினார். நிறுத்திக்கொண்டார். “நீங்கள் உங்கடை பாட்டிலை சொல்லுங்கோ.”

கமலாதேவி தம் பாட்டில் சொன்னார். கால் இப்போது சப்பாத்துக்குள் போவதில்லை. மகள் புதுச் சோபா வாங்கியது நல்லதாய்ப் போயிற்று. ஏனென்றால் கட்டிலில் படுத்தால் தண்ணீருக்குள் அமுக்கினது போல மூச்சு முட்டுகிறது. முதலில் இரண்டு தலையணை, பிறகு மூன்று. இப்போது மூன்று வருடமாகச் சோபாவிலே இருந்தபடி நித்திரை. சோபாக் கையில் சாய்ந்து சாய்ந்து இந்த வலப்பக்கம் மரத்துப்போய்விடும்.

“எந்தப் பக்கம்?”

“இந்தத் தோள்தான், டொக்டர். நீங்கள் பூசத் தந்தனீங்கள்.”

பன்னிரண்டு களிம்புகள் சிவகாமியின் கண்முன்னே வரிசையாக, இலக்கமிட்டதுபோல, நின்றன. குனிந்து கமலாதேவியின் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தபின்பும் குழி அப்படியே இருந்தது. கைப்பையிலிருந்து இதயத்துடிப்புக் குழாயை எடுத்து முதுகில் வைத்துக் கேட்டார். நூற்றைம்பது பேரும் மூச்சடக்கி இருந்தார்கள். அந்த மண்டபத்தில் அப்படியோர் ஒழுங்கு அதற்கு முன்னர் நிலவியதில்லை.

“ஆரபி, காரைக் கொண்டா. ஆஸ்பத்திரிக்குப் போறம். நெஞ்சுக்கையும் நுரையீரலுக்கையும் தண்ணி கட்டியிருக்கு. பயப்பிடாதேங்கோ, கமலாதேவி. இதுக்கு நல்ல மருந்து இருக்கு.” சிறிது பொறுத்து, “முந்தியும் இருந்தது” என்றார்.

மேடையில் மார்க் வரதராசாவின் பக்கம் குனிந்தார். “என்ன நடக்கிறது?”

“ஓர் உறுப்பினருக்கு வைத்தியம் பார்க்கிறார்.”

“இங்கேயா? இது பதிவாகிவிடுமே!” என்ற மார்க், பொன்னாடையை ஒதுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து, கதிரையிலிருந்த கேடயத்தை எடுத்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் வாசலுக்குப் போக முடியவில்லை. வரிசையொன்று வழிமறித்து நின்றது. ஒருவருக்கு ஒரு வருடமாகத் தலைசுற்று. இன்னொருவருக்குச் சொல்லக் கூச்சமான இடத்தில் கட்டி. எல்லோரும் ரோல்ஸைக் கையில் பிடித்தபடி, போகிறபோக்கில் சொல்வதுபோலத்தான் சொன்னார்கள்.

“நாளைக்கு எல்லாரும் மேல்மாடிக்கு வாங்கோ!” என்று சிவகாமி அதட்டினார்.

“கரைச்சல் இல்லையோ, டொக்டர்?”

“கரைச்சல்தான். வாங்கோ.”

ஆரபி காரை ஓட்டினாள். பின்னிருக்கையில் கமலாதேவியைச் சாயவிடாமல் நிமிர்த்திப் பிடித்தபடி சிவகாமி இருந்தார். நாற்சந்தி விளக்கில் கார் நின்றபோது கமலாதேவி மெல்ல இருமிவிட்டு, “டொக்டர், இன்னொண்டும்…” என்று தொடங்கினார். தொடங்கியவர், பழக்கத்தால், கார்க் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“அதிலை ஒண்டும் எழுதேல்லை” என்றார் சிவகாமி. “சொல்லுங்கோ.”